நர்ஸ்களின் பணிச்சோர்வு: கோளாறு மனதிலா, டியூட்டி லிஸ்டிலா?

நர்ஸ்களின் பணிச்சோர்வு பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். நிர்வாகத் தரப்பு தியானம், மூச்சுப் பயிற்சி, மனத்திடம் என்று வகுப்பு நடத்தும். நர்ஸ்களோ, "வகுப்பு இருக்கட்டும், வார்டுக்கு இன்னும் ரெண்டு பேரைப் போடுங்க" என்பார்கள். அந்த வகுப்பும் பல நேரம் டியூட்டி முடிந்தபிறகோ ஆஃப் நாளிலோதான் வைக்கப்படுகிறது என்பது தனிக்கூத்து.

இரு தரப்பும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பொருளில். அதனால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

## பணிச்சோர்வு என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்று சொல்லப்படுவதைத்தான் இங்கே பணிச்சோர்வு என்கிறோம். மனச்சோர்வு வேறு. அது 'டிப்ரெஷன்' என்ற நோய்க்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் இந்தச் சொல் ஆய்வுலகுக்குள் வந்தது. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன்னார்வலர்களோடு வேலை பார்த்தவர் அவர். ஆர்வம் அதிகமாக இருந்தவர்களே முதலில் கருகிப்போவதைப் பார்த்தார், தானும் அதில் சிக்கினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதை அளப்பதற்கு 22 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்த மூன்று கூறுகள் இன்றும் அடிப்படையாக இருக்கின்றன:

1. வற்றிப்போதல். உடம்பு அசதி மட்டுமல்ல, கொடுப்பதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை என்ற நிலை. தூங்கி எழுந்தாலும் தீராது.

2. ஒட்டாமல் போதல். நோயாளி ஆளாகத் தெரியாமல் வேலையாகத் தெரிவார். பெட் நம்பரைச் சொல்லி நோயாளியைக் குறிப்பிடுவது எந்த வார்டிலும் நடப்பதுதான், அதில் தப்பில்லை. நாலு நாள் பார்த்துக்கொண்ட பிறகும் அந்த 12-ஆம் பெட்டில் இருப்பவரின் முகம் நினைவில் தங்கவில்லை என்றால் விஷயம் வேறு.

3. 'என்னால் என்ன பயன்' என்ற எண்ணம். நன்றாகச் செய்த வேலைகூட நன்றாகச் செய்ததாகத் தோன்றாது.

இரண்டாவதுதான் வெளியில் அதிகம் தெரிவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. 'சிடுசிடு நர்ஸ்' என்று நோயாளியின் வீட்டார் சொல்லும் ஆள், அஞ்சு வருஷத்துக்கு முன் அதே வார்டில் எல்லோருக்கும் பிடித்த நர்ஸாக இருந்திருக்கலாம். கொடுக்க ஒன்றும் இல்லாத மனம் தன்னைக் காத்துக்கொள்ள விலகி நிற்கிறது. அந்த விலகல் வெளியே இரக்கமின்மையாகத் தெரிகிறது.

## இது நோயா?

இல்லை. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் பணிச்சோர்வுக்கு விரிவான வரையறை தந்தபோது, 'பர்ன்அவுட் இனி ஒரு நோய்' என்று செய்திகள் பரவின. நிறுவனம் உடனே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் பதிப்பில் இது 'வேலை சார்ந்த நிகழ்வு' என்றே இருக்கிறது. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்பது அதன் வரையறை. வேலைக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. நோய் என்றால் சிகிச்சை ஆளுக்கு. பணியிடத்தில் கையாளப்படாத அழுத்தம் என்றால், கையாள வேண்டியவர் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

## நர்ஸ்களை ஏன் இது இப்படிப் பிடிக்கிறது?

வேலைப்பளு எல்லாத் தொழிலிலும் உண்டு. செவிலியர் பணியில் அதோடு இன்னும் இரண்டு சுமைகள் சேர்கின்றன.

ஒன்று, உணர்ச்சி உழைப்பு. இந்தக் கருத்தை 1983-இல் முன்வைத்தவர் ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர். உள்ளே ஓடுவது ஒன்றாக இருக்க, முகத்தில் காட்ட வேண்டியது வேறாக இருப்பதும் ஒரு வேலைதான் என்றார். மூன்றாம் பெட்டில் ஒரு மரணம். துணி போர்த்தி, குழாய்களை அகற்றி, வீட்டாருக்குச் சொல்லி முடித்த பத்தாவது நிமிடம் நான்காம் பெட்டில் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தவரிடம் சிரித்துப் பேச வேண்டும். இடையில் உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடைத்திருக்காது.

இரண்டாவது, அறவேதனை. 1984-இல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற தத்துவ அறிஞர் இதற்குப் பெயர் கொடுத்தார். எது சரி என்று தெரியும், ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அதைச் செய்ய விடாது. அப்போது வரும் வேதனை இது. படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளியை நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரியும். திருப்ப இன்னொரு ஆள் வேண்டும், ஆள் இல்லை. ஒரு வாரத்தில் புண் வருகிறது. அதற்கு மருந்து வைத்துக் கட்டுவதும் அதே நர்ஸ்தான்.

பணிச்சோர்வு பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டாவதை ஒரு வரியில் கடந்துபோவதைப் பார்க்கிறேன். என் கணிப்பில் மூன்று சுமைகளில் இதுதான் ஆழமாக வெட்டுவது. அசதி தூங்கினால் ஓரளவு போகும். செய்யத் தெரிந்ததைச் செய்யாமல் விட்டது தூக்கத்தில் கரைவதில்லை.

## எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ்?

இங்கேதான் கணக்கு வருகிறது. எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 480 நிமிடம். ஷிஃப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் பொறுப்பு மாற்றிக்கொள்ள அரை மணி அரை மணியாக 60, சாப்பாட்டுக்கு 30, சார்ட் எழுதவும் கணினியில் ஏற்றவும் 90 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300. எட்டு நோயாளி என்றால் ஆளுக்கு 37 நிமிடம். பதினாலு என்றால் 21.

அந்த 21 நிமிடத்துக்குள் மருந்து, ஊசி, டிரிப், பிபி, காய்ச்சல் பார்ப்பது, சுத்தம் செய்வது, டாக்டர் ரவுண்ட்ஸ், வீட்டாரின் கேள்விகள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அப்போது முதலில் வெட்டுப்படுவது நோயாளியிடம் பேசுவது. அடுத்து திருப்பிப் படுக்க வைப்பது, நடக்க வைப்பது, வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. மருந்து மட்டும் எப்படியாவது போய்விடும், ஏனென்றால் அதற்குக் கையெழுத்து உண்டு. இப்படி விடுபட்டவற்றை ஆய்வாளர்கள் 'செய்யாமல் விடப்பட்ட பராமரிப்பு' என்று தனியாகவே அளக்கிறார்கள்.

2002-இல் லிண்டா எய்கன் என்ற செவிலியர் துறை ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அந்த நர்ஸுக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு விகிதம் 23 சதவீதம் கூடியிருந்தது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடியிருந்தது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்விலும் இறப்புக்கு அதே 7 சதவீதம்தான் வந்தது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், இதனால்தான் அது என்று முழுமையாக நிரூபிப்பவை அல்ல. இருந்தாலும் நர்ஸ் கருகுவதும் நோயாளிக்கு ஆபத்து கூடுவதும் ஒரே எண்ணிக்கையோடு நகர்கின்றன என்பது, 'மனத்திடம் போதவில்லை' என்ற விளக்கத்தை வலுவிழக்கச் செய்கிறது.

இதைச் சட்டமாக்கிய இடங்களும் உண்டு. கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004-இல் நடைமுறைப்படுத்தியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் இரண்டு பேர், பொது வார்டில் இப்போது ஐந்து பேர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் குறிப்பிட்ட அரசு மருத்துவமனை வார்டுகளில் பகலில் நாலு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சராசரி வைத்தது.

சட்டம் போட்டாலும் ஆள் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. உலக அளவில் 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. ஆள் குறைவதால் இருப்பவர்கள் கருகுகிறார்கள், கருகியவர்கள் விலகுவதால் ஆள் இன்னும் குறைகிறது. ஆனால் இதே பற்றாக்குறைக் காலத்தில் சில மருத்துவமனைகளிலிருந்து மட்டும் நர்ஸ்கள் விலகாமல் இருப்பதும் உண்டு. அமெரிக்காவில் 1983-இல் அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டு காரணம் தேடினார்கள். அங்கே போதிய ஆள் இருந்தது. ஷிஃப்டை ஓரளவு வளைத்துக்கொள்ள முடிந்தது. வார்டு முடிவுகளில் நர்ஸின் சொல் எடுபட்டது. 'காந்த மருத்துவமனை' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

## சமநிலை என்ற தராசு

பணி–வாழ்க்கைச் சமநிலை என்றதும் ஒரு தட்டில் வேலை, இன்னொரு தட்டில் வீடு என்ற படம் வருகிறது. ஷிஃப்ட் வேலைக்கு அந்தப் படம் பொருந்தாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைய டியூட்டியில் செலவானது அடுத்த டியூட்டிக்குள் திரும்பி வந்துவிடுகிறதா?

ஒரு உதாரணம். மாலை டியூட்டி இரவு 9 மணிக்கு முடிகிறது, மறுநாள் காலை டியூட்டி 7 மணிக்கு. லிஸ்டில் பத்து மணி நேர இடைவெளி. பொறுப்பை ஒப்படைத்துக் கிளம்ப 9.40. வீடு சேர 10.20. குளித்துச் சாப்பிட 11.15. கண் அசர 12. காலையில் எழ வேண்டியது 5.30. பத்து மணி நேரம் ஐந்தரை ஆகிவிட்டது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதுவும் இல்லை. இதைத்தான் ஷிஃப்ட் ஆய்வுகளில் 'விரைவுத் திரும்பல்' என்கிறார்கள். டியூட்டிகளுக்கு இடையே 11 மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்தக் கணக்கில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி தினமும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே நர்ஸ்களுக்கென்று தந்த பரிந்துரையில் 12 மணி நேரம் என்று சொல்லியிருக்கிறது.

இரவு டியூட்டிக்கு வேறு கணக்கு. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்குகிறது. பல நாடுகளில் வண்டி ஓட்டக் கூடாத அளவு அது. காலை 8 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்துவிட்டு முதல் நைட்டுக்கு வருபவர் இரவு 1 மணிக்கே அந்த இடத்தைத் தொட்டுவிடுகிறார். இன்சுலின் அளவைக் கணக்குப் போடுவதும் அதே 1 மணிக்குத்தான்.

இன்னொரு சிக்கல், வேலை தலைக்குள்ளேயே வீட்டுக்கு வருவது. சபீன் சோனன்டாக் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்பவர். வேலையிலிருந்து மனம் விடுபட்டால்தான் மீட்சி நடக்கும் என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். ஆனால் எந்த நாளில் மீட்சி அதிகம் தேவையோ அந்த நாளில்தான் மனம் விடுபட மறுக்கிறது. அமைதியான டியூட்டி வீட்டு வாசலிலேயே மறந்துபோகும். மோசமான டியூட்டி படுக்கை வரை வரும்.

## தனி ஆள் செய்யக்கூடியது

தியான வகுப்பு வீண் என்று சொல்லவில்லை. சிலருக்கு உதவும். ஆனால் மருத்துவர்களை வைத்து நடந்த முயற்சிகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், தனி ஆளைக் குறிவைத்த பயிற்சிகளைவிட வேலை அமைப்பை மாற்றிய முயற்சிகளே கூடுதல் பலன் தந்திருந்தன. ஆகவே கீழே வருபவை லிஸ்ட் மாறும் வரை தாக்குப்பிடிக்க, அவ்வளவுதான்.

1. முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குவது. தூக்கம் வராவிட்டாலும் இருட்டறையில் படுத்திருப்பது. மேலே சொன்ன 17 மணி நேரக் கணக்கு இதனால் தள்ளிப்போகும்.

2. காபியை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்துவது. உடம்பில் போன கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. விடியற்காலை 5 மணிக்குக் குடித்தது காலை 10 மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும்.

3. நைட் முடிந்து தானே வண்டி ஓட்டிப் போகாமல் இருக்க வழி இருந்தால் அதை எடுப்பது. இந்தப் பட்டியலில் உயிர் சம்பந்தப்பட்டது இது.

4. கிளம்புமுன் இரண்டு நிமிடம் நின்று ஒரு துண்டுத் தாளில் மிச்சத்தை எழுதி அடுத்தவர் கையில் கொடுப்பது. 'ஏழாம் பெட் டிரிப்பை நிறுத்தினேனா' என்ற கேள்வி பாதி வழியில் வந்தே தீரும். வந்தால் வார்டுக்கு ஒரு போன். ஒன்றோடு சரி. இரண்டாவது போனுக்குக் கை போனால் அது மறதி இல்லை, பதற்றம் என்று தெரிந்துகொள்ளலாம்.

5. ஆஃப் நாளில் வரும் அழைப்பு. "ஒரு டியூட்டி மட்டும் வர முடியுமா சிஸ்டர், ஆளே இல்ல." இதற்கு அந்த நொடியில் பதில் சொல்லாமல் இருப்பதே பெரிய தற்காப்பு. "பத்து நிமிஷத்துல சொல்றேன்" என்று வைத்துவிட்டு, முன்னும் பின்னும் எத்தனை மணி நேரம் இடைவெளி வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 11-க்குக் குறைந்தால் "இன்னைக்கு முடியாது" போதும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் அந்தக் காரணத்தைத் தீர்த்துவைக்க எதிர்முனையில் ஆள் இருப்பார். போகாவிட்டால் கூட வேலை பார்ப்பவர்கள் திண்டாடுவார்களே என்ற உறுத்தல் உண்மையானது. ஆனால் அந்தக் காலியிடத்தை உண்டாக்கியது ஆஃபில் இருப்பவர் இல்லை.

6. தூங்கும் நேரத்தையும் டியூட்டியாக வீட்டு நாட்காட்டியில் எழுதிவைப்பது. உலகில் நூறு நர்ஸ்களில் ஏறக்குறைய 85 பேர் பெண்கள். 'பகலில் வீட்டில்தானே இருக்கிறாள்' என்ற நினைப்பு பல குடும்பங்களில் நைட் முடித்தவரின் தூக்கத்தைத் தின்கிறது. வாயால் சொல்வதைவிடச் சுவரில் இருக்கும் கட்டத்துக்கு மரியாதை அதிகம்.

## வார்டு அளவில் மாற்றக்கூடியது

வார்டு பொறுப்பாளர்களுக்குப் புது ஆள் எடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் லிஸ்ட் போடும் பேனா அவர்களிடம் இருக்கிறது. ஷிஃப்ட் சுழற்சியைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் வைத்தால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். மனித உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது, அதனால் தள்ளிப்போவது முன்னே வருவதைவிட எளிது. மாலைக்கு அடுத்த நாள் காலை என்ற இணைப்பைத் தவிர்க்கலாம். லிஸ்டை நாலு வாரம் முன்னதாகவே ஒட்டலாம். இதற்கெல்லாம் பெரிதாகச் செலவு இல்லை.

மரணமோ மருந்துத் தவறோ நடந்த ஷிஃப்டுக்குப் பின் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச விடுவதும் இதே வகை. யார் தவறு என்று தேடும் கூட்டமாக அது மாறாதவரை.

## எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பணிச்சோர்வு பெரும்பாலும் வேலையோடு கட்டுண்டது. நீண்ட லீவில் தளர்கிறது, லீவு முடியும் நாளில் நெஞ்சு கனக்கிறது. மனச்சோர்வு லீவிலும் கூடவே வரும். பிடித்தது எதிலும் ஆர்வமின்மை, பசியோ தூக்கமோ மாறிப்போவது, எதிலும் நம்பிக்கையின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் இருக்கலாம் என்பதால் தானே முடிவு கட்டிக்கொள்வது சரிவராது. நோயாளிக்குச் சொல்வதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள நர்ஸ்கள் ரொம்பத் தாமதிக்கிறார்கள்.

## வேலையை விடுவதா, வார்டை மாற்றுவதா?

லீவு இதற்கும் ஒரு சோதனை. இரண்டு வாரம் லீவு எடுத்து, தெம்பு திரும்பி, டியூட்டிக்கு வந்த முதல் வாரத்திலேயே பழைய நிலைக்குப் போய்விட்டால் கோளாறு அந்த இடத்தில் என்று ஊகிக்கலாம். அப்போது தொழிலை விடுமுன் டயாலிசிஸ், புறநோயாளிப் பிரிவு, சமூக நலப் பணி, கற்பித்தல் என்று வேறு தாளத்தில் ஓடும் இடங்களைப் பார்ப்பது நல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கருகியவர் பிரசவ வார்டில் தழைத்திருக்கிறார், மறுபக்கமும் நடந்திருக்கிறது.

வார்டு மாற்றமோ லிஸ்ட் மாற்றமோ கேட்டு எழுதும் கடிதத்தில் 'மிகவும் சோர்வாக இருக்கிறது' என்ற வரிக்குப் பதில் பெரும்பாலும் அந்தத் தியான வகுப்புதான். 'கடந்த 28 நாளில் 6 முறை எனக்கு இரு டியூட்டிகளுக்கு இடையே 11 மணி நேரத்துக்குக் குறைவாகவே இடைவெளி இருந்தது. 9 ஷிஃப்டுகளில் 12 பேருக்கு மேல் என் பொறுப்பில் இருந்தார்கள். தேதிகள் கீழே' என்று எழுதினால், அதை யோகாவுக்கு அனுப்ப முடியாது. அதற்கு அந்த 28 நாளும் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு இருக்க வேண்டும், டியூட்டி முடிந்த கையோடு தேதியும் மணியும் நோயாளி எண்ணிக்கையும் மட்டும்.